காடு கிராமத்துக்கு, பேனா யாருக்கு?

வன உரிமைச் சட்டம் காட்டை நிர்வகிக்கும் அதிகாரத்தைக் கிராம சபைகளுக்குக் கொடுத்தது. ஆனால் நிர்வாகத் திட்டத்தை எழுதுவது யார், எந்த மொழியில் என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை.

2011 ஏப்ரல் 27 அன்று மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் உள்ள மேந்தா என்ற கோண்டு ஆதிவாசிக் கிராமத்துக்கு இரண்டு பெரும் புள்ளிகள் வந்தார்கள். ஒருவர் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ். மற்றவர் அப்போதைய மாநில முதல்வர் பிருத்விராஜ் சவாண். அவர்கள் அணைக்கட்டுக்கோ தார்ச் சாலைக்கோ அடிக்கல் நாட்ட வரவில்லை. ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கிராமத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போக வந்தார்கள். காட்டில் வெட்டிய மூங்கிலை லாரியில் ஏற்றி வெளியே கொண்டுபோக வனத் துறை எழுதித் தரும் 'டிரான்சிட் பாஸ்' புத்தகம் அது. இனி அதைக் கிராம சபையே எழுதிக் கையெழுத்துப் போடலாம். தலைமுறை தலைமுறையாக ரேஞ்சரின் மேஜை இழுப்பறைக்குள் இருந்த அதிகாரம் சுமார் 100 வீடுகள் கொண்ட ஒரு கிராமத்தின் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தது.

பக்கத்து லேகா கிராமத்தோடு சேர்த்து மேந்தா லேகா என்று நாடு முழுக்க அறியப்பட்ட இந்த ஊருக்கு, சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின் மீதான சமூக உரிமை 2009-லேயே கிடைத்துவிட்டது. நாட்டில் இந்த உரிமையை முதலில் பெற்ற கிராமங்களில் இது ஒன்று. அப்படியிருந்தும் சொந்தக் காட்டின் மூங்கிலை விற்க முடியாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். தாவரவியல் படித்தவர்களுக்கு மூங்கில் ஒரு புல். 1927-ம் ஆண்டு வனச் சட்டத்துக்கு அது 2017 வரை மரமாக இருந்தது. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்துக்கோ அது சிறு வனப்பொருள். எந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கிறார் என்பதைப் பொறுத்து அதிகாரியின் பதில் மாறியது. மூங்கிலைச் சிறு வனப்பொருளாகவே கருத வேண்டும் என்று ஜெய்ராம் ரமேஷ் மாநில முதல்வர்களுக்குக் கடிதம் எழுதிய பிறகுதான் முட்டுக்கட்டை விலகியது. அதன் பின் நடந்த பெரிய வெட்டில் கிராமத்தின் மூங்கில் வருமானம் ஒரு கோடி ரூபாயைத் தாண்டியது.

ரசீதுப் புத்தகத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்தது. அதைவிடத் தடிமனான இன்னொரு புத்தகத்தைப் பற்றிய தகராறு நாடு முழுக்கத் தொடர்கிறது. வன நிர்வாகத் திட்டம்தான் அது. எதை, எந்த இடத்தில், எந்த ஆண்டு, எவ்வளவு வெட்டலாம், எதைத் தொடவே கூடாது, மாடு எங்கே மேயலாம், தீப்பிடித்தால் யார் ஓட வேண்டும், விற்ற காசு யாருக்கு என்றெல்லாம் எழுதி வைக்கும் புத்தகம். இந்தியாவில் காட்டை வைத்து எந்த உடன்பாடு செய்தாலும் கடைசியில் இந்தப் புத்தகம் எங்கே என்ற கேள்வி வரும். கிராமத்தோடு கூட்டு நிர்வாகம் என்று கைகோத்தாலும் சரி, சட்டப்படி உரிமைப் பத்திரம் கொடுத்தாலும் சரி. கேள்வி நியாயமானதுதான். கணக்கில்லாமல் வெட்டிய காடு என்ன ஆகும் என்பதற்கு மொட்டை மலைகள் எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, காடும் அவர் கையில்தான் இருக்கிறது.

இந்தப் பழக்கத்தை இங்கே வேரூன்றச் செய்தவர் ஒரு ஜெர்மானியர். தாவரவியல் அறிஞரான டயட்ரிச் பிராண்டிஸ் 1856-ல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். யானை மேல் உட்கார்ந்தபடி, கையில் வைத்திருந்த மூங்கில் துண்டுகளில் கத்தியால் கீறல் போட்டு மரங்களை எண்ணினார் என்று வனத் துறை வரலாறு சொல்கிறது. பருமன் வாரியாக எத்தனை மரம், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு எவ்வளவு வளரும் என்று கணக்குப் போட்டு, வளர்ந்த அளவுக்கு மேல் வெட்டாமலிருக்க வழி செய்தார். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் செட்டியார் கணக்கு. 1864-ல் அவர் இந்தியாவின் முதல் வன இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆனார். அவர் காலத்துக்குப் பின் ஒவ்வொரு வனக் கோட்டத்துக்கும் ஒரு திட்டம் என்பது விதியாயிற்று. வனத் துறையினர் அதை 'ஒர்க்கிங் பிளான்' என்பார்கள். பொதுவாகப் பத்தாண்டுக்கு ஒன்று.

அதன் பாஷை தனி பாஷை. காட்டைக் 'கம்பார்ட்மென்ட்'களாகப் பிரித்து எண் கொடுப்பார்கள். ஓர் ஆண்டில் வெட்டும் பகுதிக்குக் 'கூப்' என்று பெயர். வெட்டு என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல் அது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் 'கூப்பு ரோடு' என்றும் 'கூப்புக் காண்ட்ராக்டர்' என்றும் பேசிக்கொள்கிறவர்கள் பிரெஞ்சு பேசுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு இது உற்சாகம் தரும் சமாச்சாரம். காட்டில் இருப்பவருக்கு வேறு விஷயம் உறுத்தும். அந்தச் சொல் மலைக்கு வந்து சேர்ந்தது, அது இடம்பெற்ற புத்தகம் வரவில்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில், ஆங்கிலத்தில், கோட்ட அலுவலக அலமாரியில் அது உட்கார்ந்திருந்தது. தேன், கிழங்கு, மாட்டுக்குப் புல், அடுப்புக்குச் சுள்ளி என்று காட்டில் மனிதர்களுக்குத் தேவையானவை அதில் 'சலுகைகள்' என்ற அத்தியாயத்தில் ஒதுங்கிக் கிடந்தன.

திட்டத்துக்கு இன்றிருக்கும் சட்ட பலம் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இதில் நமக்கு ஒரு சம்பந்தம் உண்டு. நீலகிரி மாவட்டத்தின் கூடலூரில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் வழக்குப் போட்டார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு கூடலூரைத் தாண்டி நாடு முழுமைக்கும் பொருந்தியது. பதிவேட்டில் என்ன எழுதியிருந்தாலும், யாருடைய சொத்தாக இருந்தாலும், அகராதிப்படி காடு என்றால் காடுதான். மத்திய அரசு ஒப்புக்கொண்ட ஒர்க்கிங் பிளான் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது. வடகிழக்கு மாநிலங்களில் மர அறுவை ஆலைகள் மூடப்பட்டன. அதுவரை அலமாரியில் இருந்த புத்தகம் அன்றிலிருந்து வாசற்கதவு ஆனது. திட்டம் இல்லையேல் கோடரி இல்லை. இது காட்டைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை. கூடவே, புத்தகம் எழுதத் தெரிந்த ஒரே அமைப்பான வனத் துறையின் பிடியையும் இறுக்கியது.

கிராமங்களை இதில் சேர்த்துக்கொள்ளும் முயற்சி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. மேற்கு வங்கத்தின் அராபாரியில் 1970களின் தொடக்கத்தில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி ஒரு பரிசோதனை செய்தார். 1,272 ஹெக்டேர் சால் காட்டைப் பாதுகாத்தால், விளைந்து வரும் மரத்தின் வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு என்று சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு வாக்களித்தார். காடு மீண்டது. அதைப் பார்த்து 1990 ஜூன் 1 அன்று மத்திய அரசு எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 'கூட்டு வன நிர்வாகம்' பிறந்தது. அந்தச் சுற்றறிக்கையிலும் திட்டம் உண்டு. மாநில அரசு ஒப்புதல் தந்த, பத்தாண்டு அமலில் இருக்கும் வேலைத் திட்டப்படிதான் நிலம் நிர்வகிக்கப்பட வேண்டும். பிற்பாடு இதற்கு 'மைக்ரோ பிளான்' என்ற பெயர் நிலைத்தது. 1997-ல் ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்களோடு சேர்ந்து தயாரித்ததும் இதே வகைதான்.

கூட்டு என்ற சொல்லுக்கு உள்ளே ஏற்றத்தாழ்வு இருந்தது. பெரும்பாலான மாநிலங்களில் கிராமக் குழு சரியாக நடக்காவிட்டால் வனத் துறை அதைக் கலைத்துவிடலாம். வனத் துறை சரியாக நடக்காவிட்டால் என்ன செய்வது என்று உடன்பாடு பேசவில்லை. ரேஞ்சர் எழுதி வாசித்தார். கிராமம் தலையாட்டிக் கைநாட்டு வைத்தது. விதிவிலக்குகள் இருந்தன, நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் அந்த அதிகாரிக்கு மாற்றலானால் விதிவிலக்கும் அவரோடு மாற்றலாகிப் போயிற்று.

வனத் துறையின் விஞ்ஞானம் எவ்வளவு பெரிது, கிராமத்துக்காரன் அதில் என்ன எழுதிவிடப் போகிறான் என்று கேட்பவர்களுக்குக் கர்நாடகத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. 1970களில் அம்மாநிலத்தில் கூடை முடைபவர்கள் மூங்கில் கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். காகித ஆலைகளுக்கோ சந்தை விலையோடு ஒப்பிடவே முடியாத அற்ப விலைக்கு மூங்கில் போய்க்கொண்டிருந்தது. சூழலியலாளர் மாதவ் காட்கிலிடம் இதை ஆராயச் சொன்னது அரசு. காட்டில் உண்மையில் இருந்த மூங்கில், துறையின் மதிப்பீட்டைவிட மிகக் குறைவு என்று அவர் கண்டார். இன்னொன்றும் தெரியவந்தது. மூங்கில் குத்தின் அடியில் முள் கிளைகள் பின்னிக் கிடக்கும். அவை வளர்ச்சியைத் தடுக்கின்றன என்று கருதி, வெட்டிச் சுத்தம் செய்ய வனத் துறை உத்தரவிட்டிருந்தது. உத்தர கன்னட மாவட்டக் கிராமவாசிகள் அது தப்பு என்றார்கள். முள் வேலி போனால் புதுக் குருத்தை மாடு மேய்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம். சோதித்துப் பார்த்ததில் அவர்கள் சொன்னதே சரி என்று ஆயிற்று. சுத்தம் செய்த குத்துகள் நலிந்தன, முள்ளோடு விட்டவை தழைத்தன. மூங்கிலை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டு திட்டம் அதைக் குறைத்துக்கொண்டிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். பழக்கமாகப் பாதுகாத்து வந்த காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்றது அது. 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் ஒரு படி மேலே போயின. கிராம சபை அமைக்கும் குழு, தன் காட்டுக்குப் பாதுகாப்பு மற்றும் நிர்வாகத் திட்டம் தயாரிக்க வேண்டும். அதை வனத் துறையின் மைக்ரோ பிளான் அல்லது ஒர்க்கிங் பிளானோடு ஒருங்கிணைக்க வேண்டும். தேவையான மாற்றங்கள் எவை என்பதைக் குழுவே தீர்மானிக்கும். கவனித்துப் படித்தால் யாருடைய திட்டத்துக்கு யாருடைய திட்டம் இணங்க வேண்டும் என்பது விளங்கும். ஆனால் 'ஒருங்கிணைப்பு' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இத்தனை ஆண்டுச் சண்டையும் குடியிருக்கிறது. துறையின் புத்தகத்துக்குள் கிராமத்தின் திட்டம் அடங்க வேண்டும் என்று வனத் துறையினர் பலர் வாசிக்கிறார்கள். கிராம சபைகளும் அவற்றுக்கு ஆதரவான அமைப்புகளும் நேர்மாறாக வாசிக்கின்றன.

2015 ஏப்ரலில் மத்திய பழங்குடியினர் நல அமைச்சகம் தன் பங்குக்கு விளக்கம் சொன்னது. தன் உறுப்பினர்களுக்கு எளிதில் புரிகிற எந்த வடிவத்திலும் கிராம சபை திட்டம் எழுதிக்கொள்ளலாம். காட்டுக்குள் போவது, எடுப்பது, காப்பது பற்றிய கட்டுப்பாடுகளின் தொகுப்பாகவும் அது இருக்கலாம். கோண்டி பேசுபவர் மராத்தியில் கையெழுத்தாக எழுதிய பத்துப் பக்க நோட்டும் திட்டம்தான்.

அப்படி எழுதினால் என்ன வரும்? சந்திரபூர் மாவட்டத்தின் பாச்காவ் ஓர் உதாரணம். 2012-ல் 1,006 ஹெக்டேர் காட்டின் உரிமை இந்தக் கிராமத்துக்கு வந்தது. கூடி உட்கார்ந்து விதிகள் எழுதினார்கள். முதலில் கைவைத்தது காசு தரும் பொருளில். பீடி சுற்றும் தெந்து இலை மத்திய இந்தியக் கிராமங்களுக்குக் கோடைக்கால ரொக்கம். ஆனால் இலைக்காகக் கிளைகளை வெட்டுகிறார்கள், புதுத் தளிர் வர நெருப்பு வைக்கிறார்கள். பாச்காவ் தெந்து இலை பறிப்பதையே நிறுத்தியது. மூங்கில் வருமானம் இருக்கும்போது இது ஏன் என்பது அவர்கள் கணக்கு. 34 ஹெக்டேர் நல்ல காட்டைக் கோயில் காடு போல யாரும் எதையும் எடுக்காத இடமாக ஒதுக்கினார்கள். வருமானம் தரும் பொருளை வேண்டாம் என்று சொல்லும் பத்தியை எந்த ஒர்க்கிங் பிளானிலும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மேந்தாவில் எழுத்தைவிடப் பேச்சு அதிகம். எந்த முடிவும் ஒருமனதாகத்தான், ஒருவர் மறுத்தாலும் மறுபடி பேச்சு. தேவாஜி தோபா போன்றவர்கள் இந்த முறையைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தார்கள். 1990களில் கூட்டு வன நிர்வாகம் தரிசான காட்டுக்கு மட்டும் என்று இருந்தபோது, நின்றிருந்த நல்ல காட்டுக்கே அதைக் கேட்டு வாங்கிய ஊர் இது. மூங்கில் விதிகள் எந்தப் பாடப் புத்தகத்துக்கும் சளைத்தவை அல்ல. அந்த ஆண்டுக் குருத்தைத் தொடாதே, மழைக்காலத்தில் வெட்டாதே, குத்தைக் காலி செய்யாதே. ஆகவே கிராமத்துத் திட்டம், விஞ்ஞானத் திட்டம் என்று இரண்டு எதிரெதிர் வகைகள் இருப்பதாக நினைக்க வேண்டாம். பல இடங்களில் இரண்டும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. எங்கே வேறுபடுகின்றன என்பதுதான் சுவாரஸ்யம்.

வேறுபடும் இடத்துக்கு நம் சத்தியமங்கலத்தை ஒட்டிய பிளிகிரிரங்கன் மலையைச் சொல்லலாம். அங்கே சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் உதிர்ந்த சருகுக்கு மட்டும் சிறு தீ வைப்பார்கள். கன்னடத்தில் 'தரகு பெங்கி', சருகுத் தீ. 1970களில் மலை சரணாலயமானதும் தீ குற்றமாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த உண்ணிச் செடி காட்டின் தரையை மூடிக்கொண்டது. சருகுத் தீ நின்றதே காரணம் என்கிறார்கள் சோளகர்கள். தீ வைத்தால் உண்ணிச் செடிதான் பரவும் என்பது துறையின் பழைய பாடம். நெல்லி மரங்களைப் பிடிக்கும் ஒட்டுண்ணியையும் அந்தத் தீ கட்டுப்படுத்தியது என்பது அவர்கள் அனுபவம். அங்கே வேலை செய்த ஆய்வாளர்கள் பலர் சோளகர் சொல்வதில் விஷயம் இருப்பதாகவே கருதுகிறார்கள். 2011-ல் இந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அங்குள்ள சோளகர் கிராம சபைகளுக்குச் சமூகக் காட்டு உரிமையும் கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குப் புலிப் பாதுகாப்புத் திட்டம் வனவிலங்குச் சட்டப்படி கட்டாயம். கிராம சபைக்குத் தன் திட்டம் வன உரிமை விதிப்படி கட்டாயம். ஒரே மரத்தடிக்கு இரண்டு புத்தகங்கள். ஒன்று தீயைத் தடுக்கச் சொல்கிறது, இன்னொன்று வைக்கச் சொல்கிறது.

வனத் துறையின் பயத்தை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. மூங்கிலுக்குக் கோடி ரூபாய் கிடைக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து காண்ட்ராக்டரும் கிராமத்துக்கு வழி தெரிந்துகொண்டார். முன்பணம் வாங்கிய கிராமம் விதியைத் தளர்த்தாதா? மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்ந்துவிட்டால் அடுத்த ஆண்டுகளின் கணக்கு என்ன? கூட்டத்தில் பெண்கள் பேசுகிறார்களா? இவை உண்மையான கேள்விகள். உரிமைப் பத்திரம் பெற்றும் திட்டம் எழுதாத கிராமங்களே அதிகம் என்பதும் உண்மை. பத்திரம் சுவரில் மாட்டியிருக்கும், காடு பழையபடி நடக்கும். எழுத ஆள் இல்லை, அளக்கப் பணமில்லை, கற்றுத்தர வந்த தொண்டு நிறுவனம் வேறு மாவட்டம் போயிருக்கும். எல்லாக் கிராமத்திலும் மேந்தாவைப் போல முப்பது ஆண்டுப் பழக்கம் இருக்காது.

ஆனால் இந்தக் குறைகளுக்கு அரசுகள் கண்ட மருந்து, பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மகாராஷ்டிரம் 2014 மே மாதத்தில் கிராமக் காடுகளுக்கென்று புதிய விதிகள் கொண்டுவந்தது. கிராமக் காட்டை ஒப்படைத்தல், நிர்வகித்தல், ரத்து செய்தல் பற்றிய விதிகள் என்று அவற்றின் பெயரிலேயே ரத்து இருந்தது. வன உரிமைச் சட்டத்துக்கு இது முரண் என்று பழங்குடியினர் நல அமைச்சகமே ஆட்சேபித்தது. 2023-ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் புதிய தேசிய ஒர்க்கிங் பிளான் விதித்தொகுப்பு வந்தது. செயற்கைக்கோள் படம், மாதிரி நிலங்களில் மர அளவெடுப்பு, கார்பன் கணக்கு எல்லாம் கேட்கும் ஆவணம் அது. துறை தன் திட்டத்தை அப்படி எழுதுவது நல்லதே. நூறு வீட்டுக் கிராமமும் அதே அச்சில் வார்க்க வேண்டும் என்றால், வார்த்துத் தருபவரை வேலைக்கு வைக்க வேண்டும். அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

2025 மே மாதம் சத்தீஸ்கரில் அது வெளிப்படையாகவே நடந்தது. சமூகக் காட்டு உரிமை விஷயத்தில் தானே பொறுப்புத் துறை என்று மாநில வனத் துறை கடிதம் அனுப்பியது. பிற துறைகளோ தொண்டு நிறுவனங்களோ கிராமங்களுக்குத் திட்டம் எழுத உதவக் கூடாது, மாதிரித் திட்டம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், தேசிய விதித்தொகுப்போடு எல்லாம் பொருந்த வேண்டும் என்பது சாரம். ஜபர்ரா போல 5,000 ஹெக்டேருக்கு மேல் உரிமை பெற்ற கிராமங்கள் உள்ள மாநிலம் இது. கிராம சபைகள் தெருவுக்கு வந்தன, ஊர் ஊராக மனுக்கள் கொடுக்கப்பட்டன. ஜூலை தொடக்கத்தில் கடிதம் திரும்பப் பெறப்பட்டது.

கடிதம் போய்விட்டது, கேள்வி போகவில்லை. சமூகக் காட்டைத் தனி வகைக் காடாகவே பதிவேட்டில் எழுத வேண்டும் என்று பழங்குடியினர் நல அமைச்சகம் சொல்லியாயிற்று. ஆனால் பல கோட்டங்களில் கூப்பு வரைபடம் கிராம சபைக் காட்டின் மீதே இன்னும் கோடு போட்டிருக்கிறது. பத்தாண்டு முடிந்து ஒவ்வொரு ஒர்க்கிங் பிளானும் திருத்தி எழுதப்படும்போது ஓர் அதிகாரி அந்த வரைபடத்தை மேஜையில் விரிப்பார். கிராமத்துக்கு உரிமையான ஹெக்டேர்களை அவர் தன் கணக்கிலிருந்து கழித்து, கிராமத்தின் நோட்டைப் பின்னிணைப்பாகச் சேர்ப்பாரா, அல்லது பழைய கம்பார்ட்மென்ட் எண்களையே மறுபடி எழுதுவாரா என்பது அங்கே முடிவாகும். அந்த மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலியில் கிராம சபையின் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி எதுவும் இதுவரை சொல்லவில்லை.